மாமிக்கு வந்த ‘தோட்ட வரி’



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். நமது சபையைப் பற்றியது, நம் வீட்டு வாசலுக்கு வரும் கடிதங்களைப் பற்றியது. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்து சாப்பாட்டில் கை வைக்கிறேன், அடுத்த ஒழுங்கை மாமி வந்து நிற்கிறார். கையில் ஒரு கடிதம். நாலாக மடித்து பொலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறார்.

“மகன், இத ஒருக்கா வாசிங்க. ஒங்கட மாமாட பேர்ல எங்க தோட்டம் இரிக்கி?”

மாமா மௌத்தாகி ஆறு வருடம். அவர் விட்டுப்போனது பத்துப் பேர்ச்சஸ் வளவு, அதில் ஒரு வீடு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை. மாமி இடியப்பம் அவித்துக் கொடுத்துத்தான் காலம் போகிறது. கடிதத்தில், தங்கள் கணவரின் பெயரிலுள்ள ‘தோட்ட வரி’ நிலுவையை 14 நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று அழகான தமிழில் எழுதியிருக்கிறது. அடியில் ‘ஊராட்சித் தலைவர் சார்பாக’ என்று ஒரு கையொப்பம்.

மாமி மூன்று இரவு தூங்கவில்லை. கட்டாரில் இருக்கும் மகனுக்கு எடுத்துக் கேட்டிருக்கிறார். அவனும் அங்கிருந்து, வாப்பா யாருக்கும் சொல்லாமல் எங்கேயாவது காணி வாங்கினாரா, யாராவது அவருடைய அடையாள அட்டையை வைத்து ஏதும் செய்துவிட்டார்களா என்று குழம்பிப் போயிருக்கிறான். மாமி மனதில் வேறொரு சந்தேகமும் வந்திருக்கிறது. மௌத்தாகிப் போன மனுஷனைப் பற்றிய சந்தேகம். அதை இங்கே எழுத மாட்டேன். கடிதத்தை யாரிடமும் காட்டாமல் மூன்று நாள் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான் என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு விளங்க ஐந்து நிமிடம் போனது. தோட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. சோலை வரி! நாம் எல்லாரும் வருடா வருடம் கட்டும், அல்லது கட்டாமல் விடும், அதே சோலை வரி.

அடுத்த நாள் இடைவேளைக்குப் பிறகு அரை நாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கடிதங்களைத் தயாரித்த தம்பி எதையும் மறைக்கவில்லை. தானே தமிழில் எழுதி, செட்ஜிபிடியில் போட்டு, “நல்ல தமிழில் திருத்தித் தா” என்று கேட்டிருக்கிறார். அது திருத்திக் கொடுத்திருக்கிறது. சோலை என்றால் தோட்டம்தானே! தவிசாளரை ஊராட்சித் தலைவர் ஆக்கியதும் அதுதான். எத்தனை பேருக்கு இந்தக் கடிதம் போனது என்று கேட்டேன். ஒரு கட்டாக அனுப்பினோம் சேர், எண்ணவில்லை என்றார்.

இது ஏன் நடக்கிறது என்றால், இந்த இயந்திரங்கள் படித்திருக்கும் தமிழில் பெரும்பகுதி இந்தியத் தமிழ். அங்கே சொத்து வரி, வீட்டு வரி என்பார்கள். சோலை வரி என்ற சொல்லை இலங்கைக்கு வெளியே யாருக்குத் தெரியும்? பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், வட்டாரம், தவிசாளர் எல்லாம் நமது நிர்வாகத்தின் சொற்கள். அது அவற்றைப் பிழை என்று நினைத்துத் ‘திருத்துகிறது’. திருத்திய தமிழ் நம்முடையதை விட அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எழுத்துப் பிழை நிறைந்த கடிதம் என்றால் மாமி அன்றைக்கே கொண்டு வந்து காட்டிச் சிரித்திருப்பார்.

அந்தத் தம்பியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிறார். மேலிருந்து வரும் சுற்றறிக்கை பாதி சிங்களத்தில் வருகிறது. பின்னேரம் நாலு மணிக்குள் நூற்றுக்கணக்கான கடிதம் போக வேண்டும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். சொல்லப்போனால் செய்திருக்கிறேன். போன தவணைப் பரீட்சைக்கு ஏழாம் வகுப்பு வரலாற்றுக்குக் கேள்வி தயாரிக்க இதே செட்ஜிபிடியிடம்தான் போனேன். பராக்கிரம சமுத்திரத்தை அநுராதபுரத்தில் கொண்டுபோய் வைத்தது. நான் பிடித்துவிட்டேன். பிடித்தது என் கெட்டித்தனம் இல்லை, வினாத்தாளில் என் பெயர் இருக்கிறது, பிழைத்தால் பிள்ளைகள் என்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம்.

கல்வியியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தல் பயிற்சி நடந்தபோது ஒரு விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வருவார். வகுப்பைப் பார்க்க முன்னம் பாடக்குறிப்புக் கொப்பியைத் திறந்து, அடியில் கையொப்பம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பாடத்தை எங்கிருந்து எடுத்தாய், யாரிடம் கேட்டாய் என்பது அவருக்குப் பிரச்சினை இல்லை. யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. அந்த ஆள் மீது அப்போது எங்களுக்குச் சரியான கோபம்.

இந்த வகை வேலையில் நமது சபை மட்டும்தான் மாட்டிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். நோர்வேயின் வடக்கு முனையில், துருவத்துக்குக் கிட்ட, ட்ரொம்சோ என்று ஒரு நகரம். அங்கே பாடசாலைகளும் பாலர் பாடசாலைகளும் நகர சபையின் கீழ் இயங்குகின்றன. சில பாடசாலைகளை மூடி மற்றவற்றோடு இணைப்பதற்கு சபை நிர்வாகம் ஒரு அறிக்கை தயாரித்தது. ஆய்வு இப்படிச் சொல்கிறது, இந்தப் புத்தகம் அப்படிச் சொல்கிறது என்று மேற்கோள்கள். 2025 மார்ச்சில் ஊடகக்காரர்கள் அந்தப் புத்தகங்களைத் தேடினால், பல உலகத்திலேயே இல்லை! அந்நாட்டின் பிரபல கல்விப் பேராசிரியர் ஒருவர் எழுதாத புத்தகம் அவர் பெயரில் இருந்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதை நிர்வாகம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்வியறிவிலும் பணத்திலும் உலகத்தின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. ஒருவர் மெனக்கெட்டுப் புத்தகத்தைத் தேடிப் பார்த்திருக்காவிட்டால், இல்லாத புத்தகத்தின் பேரில் இருக்கும் பாடசாலையை மூடியிருப்பார்கள்.

நமக்குப் பாடசாலை சபையின் கீழ் இல்லை, அது வலயக் கல்வி அலுவலகம், மாகாணம் என்று போகும். ஆனால் நூலகம், சந்தை, வடிகான், வீதி விளக்கு, குப்பை, கட்டிட அனுமதி எல்லாம் சபைதான். ஒரு மனிதனின் அன்றாட வாழ்வில் சபை தொடாத இடம் குறைவு.

பிரேசிலில் போர்த்தோ அலெக்ரே நகர சபையில் நடந்தது வேறு மாதிரி. 2023இல் ஒரு உறுப்பினர், களவு போன தண்ணீர் மீட்டருக்குப் பதிலாகப் புதியது பொருத்த மக்களிடம் பணம் அறவிடக்கூடாது என்று ஒரு சட்டமூலம் கொண்டு வந்தார். எல்லா உறுப்பினர்களும் ஏகமனதாக வாக்களித்தார்கள். சட்டம் அமுலுக்கு வந்த பிறகு, அதை எழுதியது நானில்லை, செட்ஜிபிடி என்றார் மனுஷன். முன்னமே சொன்னால் வாக்களித்திருக்க மாட்டார்களாம், அதனால் சொல்லவில்லையாம். சட்டம் நல்ல சட்டம்தான், நானும் கையை உயர்த்தியிருப்பேன். ஆனால் சபையில் இருந்த ஒருவருக்கும் எதற்குக் கை உயர்த்துகிறோம் என்பது முழுதாகத் தெரியாது. (நமது சபையிலும் அண்மையில் வாசிக்கப்பட்ட ஒரு பிரேரணையைப் பார்வையாளர் பகுதியில் இருந்து கேட்டேன். ‘நிலைபேறான’ என்ற சொல் மட்டும் ஒன்பது தரம் வந்தது. உறுப்பினரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.)

இதுவரை சொன்னவை கடிதமும் அறிக்கையும். கண்ணால் பார்த்து, சத்தம் போட்டுத் திருத்தலாம். கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது: ஆளை ஆள் பிரித்து வரிசைப்படுத்துவது. எனக்குப் பயம் அதில்தான்.

ஒல்லாந்தில் ரொட்டர்டாம் நகர சபை 2017 முதல் 2021 வரை அப்படி ஒன்று வைத்திருந்தது. சபையிடம் உதவிப்பணம் எடுக்கும் ஏழைகளில் யார் ஏமாற்றக் கூடியவர் என்று கணினி புள்ளி போடும். புள்ளி கூடியவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் முந்நூறுக்கும் மேற்பட்ட விபரங்கள் உள்ளே போயின. வயது, ஆணா பெண்ணா, பிள்ளைகள் இருக்கிறார்களா, டச்சு மொழி எவ்வளவு தெரியும். மொழி சரியாகத் தெரியாத ஒரு தாய்க்குப் புள்ளி ஏறும். அவர் களவு எடுத்ததற்கு ஒரு ஆதாரமும் தேவையில்லை. ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டால் கதிரையில் இருக்கும் அதிகாரிக்கும் பதில் தெரியாது. அந்த நகரத்தின் கணக்காய்வு அமைப்பே குறை சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள்.

நமக்கு இது புதிதா? 2023இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது பிரதேச செயலகங்களின் முன்னால் நின்ற வரிசைகளை நினைத்துப் பாருங்கள். அது செயற்கை நுண்ணறிவு இல்லை, ஒரு புள்ளித் திட்டம். சபையின் வேலையும் இல்லை. ஆனால் மக்களின் அனுபவம் ஒன்றுதான். வீடு, மின்சாரப் பாவனை, சொத்து என்று தகவல் எடுத்தார்கள், எங்கேயோ கணக்குப் போட்டார்கள், ஒருவருக்கு 15,000, இன்னொருவருக்கு 2,500, அடுத்த வீட்டுக்கு ஒன்றுமில்லை. இலட்சக்கணக்கில் மேன்முறையீடு போனது. கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் எனக்குத் தெரியாது, கொம்பியூட்டர்தான் தெரிவு செய்தது என்ற பதிலை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? ‘கொம்பியூட்டர்தான்’ என்று சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது. யாரோடு சண்டை பிடிப்பது?

இப்போது நமது சபையில் பேசப்படும் திட்டத்துக்கு வருகிறேன். வீதி விளக்கு, குப்பை, வடிகான் முறைப்பாடுகளை வட்ஸ்அப்பில் எடுத்து, அவற்றை ஏ.ஐ. மூலம் தரம் பிரித்து, முறைப்பாடு கூடிய இடத்துக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பது யோசனை. நல்ல எண்ணம்தான். காகிதத்தில் எழுதிக் கொடுத்த முறைப்பாடுகள் எங்கே போகின்றன என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் முறைப்பாடு செய்பவர் யார்? எங்கள் ஒழுங்கையில் ஒரு விளக்கு எரியாவிட்டால் டோஹாவில் இருக்கும் மச்சான் அங்கிருந்தே நாலு வட்ஸ்அப் அனுப்புவார், படம் வட்டம் போட்டு. கடற்கரைப் பக்கம், வலை இழுக்கிறவர்களின் வரிசை வீடுகளில் மூன்று மாதமாக இருட்டு. ஒரு முறைப்பாடும் இல்லை. வீட்டில் ஒரு போன், அதுவும் கடலுக்குப் போனவரிடம். பெண்கள் முன்பின் தெரியாத இலக்கத்துக்கு குரல் பதிவு அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் நமது பேச்சு வழக்கை அந்த இயந்திரம் எப்படி விளங்கிக்கொள்ளும் என்பதை சோலை வரியில் பார்த்துவிட்டோம். கணக்கில் கடற்கரை ‘பிரச்சினை இல்லாத பகுதி’ என்று பச்சை நிறத்தில் இருக்கும்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரம் இதைப் பல வருடங்களுக்கு முன்னமே கண்டது. காரில் போகும்போது வீதிக் குழிகளைத் தானாக உணர்ந்து சபைக்கு அறிவிக்கும் ஒரு போன் செயலி. யாரிடம் நல்ல போனும் காரும் இருக்கிறதோ அவர்கள் ஓடும் வீதியின் குழிகள்தான் பதிவாகும் என்பதைக் கவனித்து, அதைச் சரிக்கட்ட வேறு வழிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டி வந்தது. நாம் அதே பள்ளத்தில் விழுந்துதான் படிக்க வேண்டுமா?

செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகர சபையும் மக்கள் அனுப்பும் தெரு முறைப்பாடுகளை இயந்திரத்தால்தான் வகைப்படுத்துகிறது. ஆனால் 2020இல் அவர்களும் பின்லாந்தின் ஹெல்சிங்கியும் ஒரு பகிரங்கப் பதிவேட்டைத் திறந்தார்கள். எந்தெந்த வேலைக்கு இப்படியான இயந்திரம் பாவிக்கிறோம், என்ன தகவல் உள்ளே போகிறது, மனிதர் எங்கே பார்க்கிறார், யாரைத் தொடர்பு கொள்வது என்று இணையத்தில் போட்டார்கள். நமக்கு இணையத்தளம்கூட வேண்டாம். சபை அறிவித்தல் பலகையில் ஒரு ஏ4 தாள் போதும்.

இன்னொன்று, தகவல். மாமியின் கடிதத்தைத் திருத்தக் கொடுத்தபோது பெயர், முகவரி, மாமாவின் அடையாள அட்டை இலக்கம், நிலுவைத் தொகை எல்லாம் சேர்ந்தே போயிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கணினிக்குள். பழைய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் இல்லை. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று பிறந்த நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தரம் சொல்லிக்கொடுத்தால் உங்கள் வயதைச் சொல்லிவிடும். நாம் சபையிடம் கொடுத்த தகவல் அமானிதம். கடை வாசலில் வைத்து விரித்துக் காட்டுவதற்குக் கொடுக்கவில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். இயந்திரம் மட்டுமே எடுத்த தீர்மானம் ஒருவரைப் பாரதூரமாகப் பாதித்தால் மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. இன்னொரு விடயத்தையும் சேர்த்துப் பாருங்கள். செட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது 2023 மார்ச்சில். அடுத்த தேர்தல் 2025 மே 6. அந்த இரண்டு வருடமும் பெரும்பாலான சபைகளில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. இந்த இயந்திரங்கள் உலகம் முழுக்க அலுவலக மேசைகளுக்கு வந்த காலம் அதுதான். கேள்வி கேட்பதற்கு சபையில் ஆளே இல்லாத நேரத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது அவர்களின் வேலை.

உறுப்பினர்கள் கேட்கும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. சபைக்கும் பொருந்தும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும்.

நான் போன திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நாலு கேள்வி. சபையில் எந்தெந்த வேலைக்கு செயற்கை நுண்ணறிவு பாவிக்கப்படுகிறது, அதற்கு அனுமதி கொடுத்தது யார்? மக்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம் அதற்குள் போடப்படுகிறதா, போடக்கூடாது என்று எழுத்து மூல அறிவுறுத்தல் ஏதும் இருக்கிறதா? தமிழில் போகும் கடிதங்களை அனுப்ப முன்னம் வாசித்து ஒப்பமிடும் உத்தியோகத்தரின் பதவி என்ன? வட்ஸ்அப் முறைப்பாட்டுத் திட்டம் வந்தால், முறைப்பாடே வராத வட்டாரங்களுக்கு மாதம் ஒருமுறையாவது ஆள் போய்ப் பார்க்க ஏற்பாடு இருக்கிறதா?

கொடுத்தபோது தகவல் உத்தியோகத்தர் நல்ல மாதிரித்தான் வாங்கினார். கையொப்பமிட்டு ஏற்புக் கடிதமும் தந்தார். “சேர், இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்” என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கட்டில் போன மற்றக் கடிதங்கள் எங்கே? ‘தோட்ட வரி’ கடிதம் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் எடுத்து வையுங்கள், எறிய வேண்டாம். பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். எத்தனை என்று எண்ணுவோம், சபை எண்ணவில்லையே.

விண்ணப்பப் படிவம் வேண்டியவர்கள் பின்னேரங்களில் வீட்டுக்கு வாருங்கள், நிரப்ப உதவி செய்கிறேன். இன்ஷா அல்லாஹ் பதில் வந்ததும் அப்படியே இங்கே போடுவேன், எனக்குப் பிடித்த பதிலானாலும் சரி, பிடிக்காத பதிலானாலும் சரி.

மாமி வியாழக்கிழமை போய் நிலுவையைக் கட்டிவிட்டார். பற்றுச்சீட்டை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். அதில் ‘சோலை வரி’ என்றுதான் இருந்தது, கையால் எழுதி.